தொகுதி பாயின் கோபே தேர்தல்

அந்த நாளில் கடலூர் முதுநகரில் தன் தொகுதி எம்.பி. யார் என்று தெரியாத ஆள் நிறைய உண்டு. ஜப்பானில் கோபே பட்டணத்து எம்.பி.க்கள் மூன்று பேர் யார் யார் என்று தெரியாத ஆள் ஒருத்தர் கிடையாது. டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவன்கூட ஒப்பிப்பான். இது ஊருக்கு வந்த சாபம் என்று எங்கள் ஆபீஸ் மேனேஜர் சொல்வார். நான் வரம் என்பேன். சாபமோ வரமோ, கொண்டுவந்து இறக்கியவர் ஒரே ஆள்தான். தொகுதி பாய்.

அவருக்கு உம்மா வாப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியலைத் தவிர அதற்கு வேறு எங்கும் வேலை இல்லை. ஊர் முழுக்க தொகுதி பாய்தான். பரங்கிப்பேட்டைக்காரர். ஒல்லி உடம்பு, முழுக்கை வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் மை ஒழுகும் பேனா. யாரைப் பார்த்தாலும் இடுப்பை வளைத்து ஒரு கும்பிடு போடுவார். கலெக்டருக்கும் அதே வளைவு, எதிரே வரும் ஆட்டுக்கும் அதே வளைவு. கேட்டால், "ஜப்பான்ல பழகினது தம்பி, இடுப்புல ஒட்டிக்கிச்சு" என்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்தது அறுபதுகளின் ஆரம்பத்தில், கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில். சேலத்துப் பக்கமிருந்து இரும்புத் தாது ரயிலில் வந்து துறைமுகத்தில் மலை மலையாகக் குவியும். கடலூரில் கப்பல் கரைக்கு வராது, ஆழம் போதாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். நாம்தான் தாதுவைப் பார்ஜ் என்கிற தட்டைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும். வாங்குகிறவன் ஜப்பான்காரன், வருகிறதும் பாதி ஜப்பான் கப்பல். அவனோடு பேசுவதற்கு எங்கள் ஆபீசில் இருந்த ஒரே நாக்கு தொகுதி பாயின் நாக்குதான். இரண்டாம் உலகச் சண்டைக்கு முன்னால் கோபேயில் ஒரு பரங்கிப்பேட்டை வியாபாரியின் துணிக்கடையில் எட்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். அதனால் மேனேஜர் அவர் மேல் கை வைக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

சேர்ந்த முதல் நாளே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உங்களுக்குக் கோபே தொகுதி தெரியுமா?"

"தெரியாதுங்க பாய்."

"தெரியாதா! டிகிரி படிச்சேன்றீங்க?"

அவ்வளவுதான், உட்கார வைத்துவிட்டார். சண்டை முடிஞ்ச மறுவருஷம் மொதத் தேர்தல். பெரிய பெரிய தொகுதியா வெச்சான். ஒரு ஆளே ரெண்டு மூணு பேருக்கு ஓட்டுப் போடலாம். பொம்பளைங்களுக்கும் அன்னிக்குத்தான் மொத ஓட்டு. அடுத்த வருஷமே அதை வெட்டி, கோபே பட்டணத்தைத் தனித் தொகுதி ஆக்கிட்டான். சீட்டு மூணு, ஓட்டு ஆளுக்கு ஒண்ணுதான். ஒரே கட்சியில ரெண்டு பேர் நிப்பான், எதிர்க்கட்சியை விட்டுட்டு ஒருத்தனை ஒருத்தன் கவுப்பான். சின்னம் கிடையாது, ஸ்டாம்பு கிடையாது. வெள்ளைக் காயிதத்துல பேரைக் கைப்பட எழுதிப் போடணும்.

"எழுதத் தெரியாதவன் என்ன பண்ணுவான் பாய்?"

"ஜப்பான்ல எழுதத் தெரியாதவனைத் தேடித்தான் பிடிக்கணும் தம்பி" என்றார், என்னமோ அவரே எல்லோருக்கும் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த மாதிரி.

சரி, ஒரு மனுஷனுக்கு ஒரு பைத்தியம். சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்கு மூக்குப்பொடி என்று விட்டுவிடலாம். பாய் அதோடு நின்றாரா? கப்பலில் ஏறினால் தாது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், "கோபேக்காரங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று ஜப்பானிய மொழியில் குரல் கொடுப்பார். பாவம், எவனாவது கையைத் தூக்கிவிடுவான். கெட்டது குடி. அவனை ஓரங்கட்டி இடுப்பை வளைத்து, "அடுத்த தேர்தல்ல கிமிகோ சானுக்கு ஓட்டுப் போடுங்க, மறந்துடாதீங்க" என்று ஆரம்பிப்பார். மாலுமிகளை மேய்க்கும் போசன் ஒருத்தன் அவர் ஏணியில் ஏறுவதைப் பார்த்ததும் இன்ஜின் ரூமுக்குள் ஓடி ஒளிந்ததை நானே கண்ணால் பார்த்தேன். ஒரு கேப்டன் மேனேஜருக்குக் கடுதாசியே எழுதிவிட்டார். நாங்கள் இரும்புத் தாது வாங்க வந்தோம், உங்கள் குமாஸ்தா எங்களிடம் ஓட்டு கேட்கிறார், இது இந்திய சர்க்காரின் ஏற்பாடா என்று.

மேனேஜர் கத்தினார். "யாருய்யா அந்தக் கிமிகோ? உனக்கு அத்தையா, சித்தியா?"

பாய் வளைந்தார். அன்று மத்தியானம் பார்ஜில் திரும்பி வரும்போது என்னிடம்தான் சொன்னார். எங்கள் இரண்டு பேர் மேலும் சிவப்புத் தூசி. வெயில் மண்டையைப் பிளந்தது.

"நான் மாடியில வாடகைக்கு இருந்தேன் தம்பி. கீழ அவுங்க வாப்பாவோட கடை. மொச்சை மாதிரி ஒரு பருப்பை அரைச்சு, தயிர்க்கட்டி மாதிரி பண்ணி விப்பாங்க. அவுங்க இஸ்கூல்ல டீச்சர். தெனம் சாயந்தரம் எனக்கு எழுத்துச் சொல்லிக்குடுப்பாங்க. ஒருநாள் பேச்சுவாக்குல, ஒரு காலத்துல பொம்பளைங்களுக்கும் ஓட்டு வரும், நான் பார்லிமென்ட்டுக்கு நிப்பேன்னாங்க. நான் சிரிச்சிட்டேன்."

"சிரிச்சா என்ன பாய்?"

"சாதாரண சிரிப்பா அது? விழுந்து விழுந்து சிரிச்சேன். பருப்புக்கட்டி விக்கிற வூட்டுப் பொண்ணு பார்லிமென்ட்டுக்குப் போகுதாம்னு கடைக்கு வந்தவங்ககிட்ட வேற சொல்லிச் சிரிச்சேன். அவுங்க கதவைச் சாத்திக்கிட்டாங்க. மூணு நாள் பேசலை. நாலாம் நாள் சண்டை வரப்போவுதுன்னு எங்க மொதலாளி கடையைச் சாத்திட்டு எல்லாரையும் கப்பல் ஏத்திட்டார். வந்துட்டேன்."

அப்புறம் கோபே மேல் குண்டு விழுந்து பட்டணமே எரிந்தது. அவர் இங்கே செய்தி படித்துவிட்டு, அந்த அம்மாள் போய்ச்சேர்ந்துவிட்டார் என்றே நினைத்துக்கொண்டார். பதிமூன்று வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் ஜப்பான் கப்பல் சமையல்காரன் ஒருத்தன் கருவாட்டைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்திருக்கிறான். பரங்கிப்பேட்டையில் தங்கச்சி வீட்டில் பிரித்தால், கோபே தொகுதி வேட்பாளர்கள் படம் வரிசையாக. கடைசி வரிசையில் அந்த அம்மாள். சுயேச்சை.

"கருவாட்டு எண்ணெய் முகத்துல பட்டிருந்துச்சு தம்பி. தொடைச்சுத் தொடைச்சுப் பார்த்தேன். வயசாயிருந்துச்சு. அவுங்கதான். அல்ஹம்துலில்லாஹ்ன்னு கத்திட்டேன். எந்தங்கச்சி பயந்து ஓடியாந்துச்சு."

"நீங்க ஒரு லெட்டர் போடலாமே?"

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போடறது? சிரிச்ச மூஞ்சிதானே இது. அவுங்க ஒரு தடவை ஜெயிச்சுட்டா எழுதலாம். ஜெயிச்சுட்டா என் சிரிப்பு பொய்யாயிடும்ல?"

இதுதான் விஷயம். கடலூரில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனுஷன் கோபேயில் ஓட்டுச் சேகரித்தது, சிரித்த ஒரு சிரிப்பை வாபஸ் வாங்குவதற்கு. பாய்க்குக் கல்யாணம் ஆகவில்லை. யாராவது கேட்டால் "தேர்தல் முடியட்டும்" என்பார். எந்தத் தேர்தல் என்று கேட்கிற தைரியம் யாருக்கும் வரவில்லை.

அன்றிலிருந்து நானும் பாயின் கட்சி. எங்கள் பியூன் கோவிந்தசாமியும் சேர்ந்தான். அவன் உள்ளூரில் ஒரு கட்சிக்குச் சுவரில் எழுதி, தட்டி கட்டி, தொண்டை கிழியக் கோஷம் போடுகிற ஆள். "கிமிகோம்மா ஜெயிக்கணும்னா நாலு சுவரை மடக்கணும் பாய்" என்று யோசனை சொல்வான். பாய் பெரிய மனது பண்ணிக் கேட்டுக்கொள்வார்.

அந்த அம்மாள் முதலில் ஒன்பதாவது வந்தாராம். அடுத்த தடவை ஆறாவது. அறுபத்துமூன்றில் நடந்த தேர்தலின் முடிவு எங்களுக்கு எப்போது வந்தது தெரியுமா? மழைக்காலத்தில் கடலூருக்குக் கப்பல் கிடையாது. பாய் இரண்டு மாசம் கரையில் நின்று கடலை முறைத்துக்கொண்டிருந்தார். தை பிறந்து முதல் கப்பல் புகை தெரிந்ததும், தாது ஏற்றுவதற்கு முன்னால் அவரை ஏற்றி அனுப்பினோம். பழைய பேப்பர் ஒரு கட்டோடு திரும்பினார். படியில் நின்றுகொண்டே சொன்னார்.

"நாலாவது."

"சீட்டு மூணு" என்றான் கோவிந்தசாமி, ஈனஸ்வரத்தில்.

ஆபீசில் அன்று யாரும் சரியாக டீ குடிக்கவில்லை. மேனேஜர்கூட, "ச்சே, ஒரு எடத்துல போச்சே" என்றார். சொல்லிவிட்டு, தானும் மாட்டிக்கொண்டதை உணர்ந்து, உடனே எங்கள் மேல் எரிந்து விழுந்தார்.

அடுத்த வருஷம் ஒரு சேதி வந்தது பாருங்கள். பட்டணங்களில் சனம் பெருத்துப்போய்விட்டதாம், கோபே தொகுதிக்கு ஒரு சீட்டைக் கூட்டிவிட்டார்களாம். இனி நாலு! பாய் ஆபீஸ் முழுக்க அல்வா கொடுத்தார். "நாலாவது வந்தவங்களுக்குன்னே ஒரு நாற்காலி செஞ்சு போட்டிருக்கான் தம்பி! இனிமே யார் தடுக்க முடியும்?" துறைமுகத்துச் சுமைக்காரர்கள் எதற்கென்று தெரியாமலே வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "பாய் வூட்டுல இன்னா விசேசம்?" என்று கேட்டார்கள். "சீட்டு ஜாஸ்தி ஆயிடுச்சு" என்றார் பாய். பஸ்ஸில் என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் சிதம்பரம் கூத்து நடந்தது. அங்கே காலேஜில் அரசியல் பாடம் நடத்தும் புரொபசர் ஒருத்தர் எங்கள் மேனேஜருக்கு மச்சான். ஜப்பான் தேர்தல் முறையைப் பற்றிப் பசங்களுக்குப் பத்து நிமிஷம் சொல்லுங்கள் என்று பாயைக் கூப்பிட்டார். பத்து நிமிஷம்! நானும் கூடப் போனேன். கீழ வீதியில் டிபன் சாப்பிட்டுவிட்டுப் பதினொரு மணிக்கு ஆரம்பித்தவர், புரொபசர் இரண்டு தடவை வெளியே போய்க் காபி குடித்துவிட்டு வந்த பிறகும் சண்டைக்கு முந்திய தேர்தல்களைத் தாண்டவில்லை. நடுவில் புரொபசர் ஏதோ திருத்தப்போக, "சார், நீங்க புஸ்தகத்துல படிச்சிருப்பீங்க. நான் அந்தத் தெருவுல நடந்திருக்கேன்" என்று ஒரு போடு போட்டார். பசங்கள் கைதட்டினார்கள்.

கடைசியில் எல்லோருக்கும் துண்டுக் காகிதம் கொடுத்து, கரும்பலகையில் வேட்பாளர்கள் பெயரை எழுதி, ஒரு மாதிரித் தேர்தலே நடத்திவிட்டார். ஒவ்வொரு வேட்பாளரைப் பற்றியும் நடுநிலையாகத்தான் பேசினார் என்று அவர் நம்பினார். "இவர் பெரிய பணக்காரர். இவர் மந்திரிக்குச் சொந்தம். இவுங்க நல்லவங்க." இப்படித்தான். முடிவு சொல்லவேண்டுமா? சிதம்பரத்தில் கிமிகோ அம்மாளுக்கு அமோக வெற்றி. எதிரே நின்றவர்கள் எல்லோருக்கும் டெபாசிட் காலி. ரயிலில் திரும்பும்போது பாய் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தத் துண்டுக் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்துக்கொண்டே வந்தார். பரங்கிப்பேட்டை ஸ்டேஷன் தாண்டியதைக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் வந்தது அறுபத்தேழு. நம்மூர்த் தேர்தல் சூடு உங்களுக்கே தெரியும். ஆனால் எங்கள் ஆபீசுக்கு மட்டும் இரண்டு தேர்தல். கோபேயில் ஜனவரிக் கடைசியில் ஓட்டுப் போட்டாகிவிட்டது. முடிவைச் சொல்லும் கப்பல் வரவில்லை. அதற்குள் கடலூரில் ஓட்டுக் கேட்டு வீடு வீடாக வர ஆரம்பித்துவிட்டார்கள். வெளியூர் வேட்பாளர் ஒருத்தர் மாலையும் கையுமாகப் பாய் வீட்டு வாசலுக்கு வந்து, "பாய், உங்க ஓட்டு..." என்றதுதான் தாமதம்.

"வூட்டுக்கு வூடு வந்து ஓட்டுக் கேக்கறது குத்தம்! தெரியுமா, தெரியாதா? கோபேயா இருந்தா இந்நேரம் உங்களை உள்ள வெச்சிருப்பான்!"

"கோபேயா? அது எங்கய்யா இருக்கு, சேத்தியாத்தோப்புப் பக்கமா?" என்று வேட்பாளர் பக்கத்து ஆளைக் கேட்டாராம். தெருவே சிரித்தது. ஓட்டுக் கேட்க வந்தவருக்கும் ஒரு வளைவு போட்டுத்தான் அனுப்பினார் பாய்.

ஓட்டு எண்ணும் இடத்தில் கோவிந்தசாமி அவன் கட்சிக்கு ஏஜென்ட்டாக உட்கார்ந்திருந்தான். நடந்ததை அவன் வாயால் கேட்கவேண்டும். எண்ணிக்கொண்டே வந்த அதிகாரி ஒரு சீட்டைப் பிரித்ததும் அப்படியே நின்றுவிட்டாராம். முத்திரை இல்லை. சீட்டின் குறுக்கே மசியில் குச்சி குச்சியாக என்னமோ எழுதியிருக்கிறது.

ஒரு ஏஜென்ட், "சார், அந்தக் கோடு எங்க சின்னத்துலதான் முடியுது, எங்களுக்குத்தான்" என்றான்.

இன்னொருத்தன், "ஆரம்பிச்சது எங்க சின்னத்துலய்யா!" என்று மேஜையைத் தட்டினான்.

கோவிந்தசாமிக்கு அது யார் எழுத்து என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. கட்சி, கொள்கை எல்லாவற்றையும் மறந்து எழுந்து நின்று, "சார், அதுல யாரும் கை வெக்காதீங்க. அது கிமிகோம்மா ஓட்டு!" என்று கத்தியிருக்கிறான்.

அதிகாரி வேட்பாளர் பட்டியலைப் புரட்டினார். "அந்தம்மா எந்தக் கட்சி?"

"சுயேச்சை சார்."

"இந்தத் தொகுதியிலயா?"

"இல்ல சார். பக்கத்துல... கொஞ்சம் தள்ளி."

செல்லாத ஓட்டு என்று ஒதுக்கிவிட்டார்கள். மறுநாள் ஆபீசில் பாயைச் சுற்றிக்கொண்டோம். "பத்து வருஷம் ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துட்டு உங்க ஓட்டை இப்படிப் பாழாக்கிட்டீங்களே!"

பாய்க்கு வெட்கம். "சட்டசபைச் சீட்டுல ஒழுங்காத்தான் குத்தினேன் தம்பி. அடுத்தாப்ல இன்னொரு சீட்டைக் குடுத்து, இது பார்லிமென்ட்டுக்குன்னாங்க. பார்லிமென்ட்டுன்னு சொன்னா எனக்கு வேற யாரைத் தெரியும்? பேனாவை எடுத்து எழுதிட்டேன். மடிச்சுப் பொட்டியில போட்டப்புறம்தான் நாம எந்த ஊர்ல இருக்கோம்னே ஞாபகம் வந்துச்சு."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

நாலு நாள் கழித்துக் கப்பல் வந்தது. இந்தத் தடவை பாய் போகவில்லை. "நீங்க போய்ட்டு வாங்க தம்பி, நான் போனாத்தான் நாலாவதுன்னு வருது" என்றார். நான் போய்ப் பேப்பரை வாங்கி, கப்பல் ரேடியோக்காரரிடம் காட்டி இங்கிலீஷில் கேட்டேன். அவர் விரல் வைத்து எண்ணினார். திரும்ப எண்ணச் சொன்னேன். கரைக்கு வந்தால் ஆபீசே படகுத்துறையில் நிற்கிறது, மேனேஜர் உட்பட.

"அஞ்சாவது" என்றேன்.

சீட்டு மூன்றாக இருந்தபோது நாலாவது. நாலாக்கினார்கள், ஐந்தாவது. இப்படியும் ஒரு தலையெழுத்து உண்டா? கோவிந்தசாமி தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் கட்சி இங்கே ஜெயித்த வாரம் அது, அந்தச் சந்தோஷம் அவன் முகத்தில் துளி இல்லை. பாய் பேப்பரை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இனிமே நிப்பாங்களோ மாட்டாங்களோ" என்றார். அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவுங்க ஜெயிக்கறதுக்குக் காத்துக்கிட்டு இருந்தீங்கன்னா நீங்க மவுத்தாகித்தான் மன்னிப்புக் கேக்கணும். கப்பல் நாளைக்குக் கெளம்புது. எழுதுறீங்களா இல்லையா?" பெரியவரிடம் இப்படிப் பேசினேனே என்று அப்புறம் வெட்கப்பட்டேன். அன்று பேசிவிட்டேன். பாய் சாயந்தரம் வரை பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார். எட்டுக் காகிதம் கிழித்து, ஒன்பதாவதில் அரைப்பக்கம் எழுதினார். ரேடியோக்காரர் விலாசம் விசாரித்துக் கோபேயில் தபாலில் சேர்ப்பதாக வாங்கிக்கொண்டு போனார்.

பதில் மூன்று மாசத்தில் ஏர்மெயிலில் வந்தது. கோவிந்தசாமி அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஓடிவந்தான். பாய் பிரிக்க மாட்டேன் என்கிறார். மேனேஜர்தான், "பிரிய்யா, ஆபீஸ் வேலை கெடுது" என்று அதட்டினார். பிரித்தார். முதலில் தனக்குள் படித்தார். அப்புறம் எங்களுக்காகத் தமிழில் சொன்னார்.

"நீங்க சிரிச்சது நல்லா ஞாபகம் இருக்குன்னு எழுதியிருக்காங்க. பொம்பளைங்களுக்கும் ஓட்டு வந்திருக்குன்னு ரேடியோவுல சொன்ன அன்னிக்கு, வூடு எரிஞ்ச எடத்துல நின்னுக்கிட்டு, அந்தச் சிரிப்பைத்தான் நெனச்சாங்களாம். ஒவ்வொரு தடவை மனு போடறப்பவும் அதை நெனச்சுத்தான் கையெழுத்துப் போடறாங்களாம். அதனால..." பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அதனால ஜெயிக்கிற வரைக்கும் உங்களை மன்னிக்கிறதா இல்லை. அது வரைக்கும் நீங்க உசுரோட இருக்கணும். இப்படிக்கு கிமிகோ."

பாய் திடீரென்று எழுந்து, "மன்னிக்க மாட்டாங்களாம்யா!" என்று கத்தினார். நிக்காஹ் ஆன மாப்பிள்ளை மாதிரி முகம். படகுத்துறைக்கு ஓடிப் பார்ஜ்காரர்களிடமும், "மன்னிக்கவே மாட்டாங்களாம்!" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அன்றோடு பீடியை விட்டார். இருமலுக்கு டாக்டரிடம் போகச் சொல்லி நாங்கள் தலையால் தண்ணி குடித்தும் கேட்காதவர், தானாகப் போய் மருந்து வாங்கினார். கப்பல் ஏணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். "உசுரோட இருக்கணும்னு ஆர்டர் தம்பி, நான் என்ன பண்றது?"

அறுபதுகள் முடிவதற்குள் எனக்கு மெட்ராசில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டேன். பாய் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பரங்கிப்பேட்டையில் தங்கச்சி வீட்டோடு போய்விட்டார். அங்கிருந்து கார்டு போடுவார். "இந்த முறையும் தோற்றுவிட்டார்கள், நான் நல்ல சுகம்" என்று ஒரே வரி. ஒரு கட்டத்தில் கார்டு வருவது நின்றது.

இப்போது நான் ஒரு கார்டு போட்டால் பாயின் தங்கச்சி வீட்டிலிருந்து விவரம் வந்துவிடும். போடவில்லை. போட மாட்டேன். ஜப்பானில் தேர்தல் என்று பேப்பரில் ஒரு மூலையில் நாலு வரி வருகிறது, அதில் கோபே இருக்காது. அதை மடித்து வைத்துவிட்டு, முகம் தெரியாத அந்த நல்ல அம்மாளுக்கு விரோதமாக ஒரு காரியம் செய்கிறேன். இந்தத் தடவையும் அவர் தோற்கவேண்டும் என்று மனசார வேண்டிக்கொள்கிறேன். என் பாய் உசுரோடு இருக்கணும்.